பேரிடர் நடந்த ஊரில் தன்னார்வலருக்கு என்ன வேலை?

வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது நாற்றம். சாக்கடை, டீசல், அழுகிய உணவு, ஊறிப்போன மெத்தை எல்லாம் கலந்த நாற்றம் அது. சுவரில் இடுப்பு உயரத்திலோ கழுத்து உயரத்திலோ நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல ஒரு பழுப்புக் கறை ஓடும். தண்ணீர் அந்த மட்டத்துக்கு நின்றிருக்கிறது. தரை முழுக்கச் சேறு. பார்க்கக் குழைவாக இருக்கும். மண்வெட்டியால் அள்ளித் தூக்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

உதவிக்கு வந்தவர்கள் வரிசையாக நின்று, உள்ளிருந்து வாசல்வரை வாளி வாளியாகக் கைமாற்றிச் சேற்றை வெளியே கொண்டுபோகிறார்கள். சேற்றோடு பொருள்களும் வருகின்றன. அவற்றை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். தூக்கிப் போட வேண்டியவை ஒன்று, கழுவினால் தேறுபவை ஒன்று, வீட்டுக்காரர் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவை ஒன்று. இந்த மூன்றாவது குவியல்தான் முக்கியமானது. நமக்குக் குப்பையாகத் தெரியும் ஊறிய நோட்டுப்புத்தகம் அந்த வீட்டில் இறந்துபோன ஒருவரின் கையெழுத்தாக இருக்கலாம். கேட்காமல் எதையும் வீசக்கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தரப்படும் விதி.

சேறு போனபிறகும் வேலை முடியாது. சுவர் ஜிப்சம் பலகையால் ஆனது என்றால் கறைக்கு மேலே ஓரடி இரண்டடி விட்டு அறுத்து எடுக்க வேண்டும். உள்ளே அடைத்திருக்கும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், அதையும் உருவ வேண்டும். பிறகு மரச்சட்டங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பூஞ்சையை எடுத்து, மருந்து அடித்து, காற்றாட விட வேண்டும். இரண்டு முள் கொண்ட சிறு கருவி ஒன்றை மரத்தில் குத்தி ஈரம் பார்ப்பார்கள். அது 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை சுவரை மூடக்கூடாது. அவசரப்பட்டு மூடினால் உள்ளே பூஞ்சை மறுபடி படர்ந்து, அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையைக் கொடுக்கும்.

உலகெங்கும் பேரிடர் நிவாரணத்தில் தன்னார்வலர்கள் கையால் செய்யும் வேலையில் பெரும்பங்கு இப்படிப்பட்டதுதான். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது இடிபாட்டிலிருந்து குழந்தையைத் தூக்கும் அந்த ஒரு நிமிடத்தை. அதற்குப் பின்னால் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நடப்பது சேறு அள்ளுவது, கூரைக்குத் தார்ப்பாய் கட்டுவது, கழிப்பறைக்குக் குழி வெட்டுவது, செங்கல் சுமப்பது. இந்த வேலைக்குப் போக நினைப்பவர்களும், போகாவிட்டாலும் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் அறிய வேண்டியதை முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

முதல் உதவி பக்கத்து வீட்டிலிருந்து

1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்கு ஜப்பானின் கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. 6,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இடிந்த வீடுகளுக்குள் சுமார் 35,000 பேர் சிக்கியிருந்தார்கள் என்பது ஒரு கணக்கு. அவர்களில் ஏறத்தாழ 27,000 பேரை வெளியே எடுத்தவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். தீயணைப்புப் படை, காவல்துறை, ராணுவம் மூன்றும் சேர்ந்து மீட்டது மிச்சத்தை. யார் எந்த அறையில் படுத்திருப்பார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்; அவர் அங்கேயே இருக்கவும் செய்தார்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பேரிடர் உதவி என்றதும் விமானத்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்தான் நம் மனதில் தோன்றுகிறார். எந்த நாட்டில் நடந்தாலும் முதல் தன்னார்வலர் அந்தத் தெருவில் இருப்பவர், பெரும்பாலும் தன் வீட்டையும் இழந்தவர். வெளியிலிருந்து வருபவர் அவருக்குக் கைகொடுக்க வருகிறார். இந்த வரிசை மனதில் நின்றால், பின்னால் சொல்லப்போகும் விதிகள் எல்லாம் தானாகப் புரியும்.

மெக்சிகோ நகரத்தில் 1985 செப்டம்பர் 19 அன்று நடந்ததும் இதேதான். டிலாடெலோல்கோ என்ற குடியிருப்புப் பகுதியில் பெரிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. எந்தப் பயிற்சியும் இல்லாத இளைஞர்கள் வெறும் கையாலும் கிடைத்த கருவிகளாலும் இடுக்குகளில் புகுந்து ஆட்களை இழுத்துவந்தார்கள். மக்கள் அவர்களை ‘தோப்போஸ்’ என்றார்கள். அகழெலிகள் என்று பொருள். பிறகு அவர்கள் முறையாகப் பயின்று, ஹெய்ட்டி, நேபாளம், துருக்கி எனப் பல நாட்டு இடிபாடுகளில் இறங்கினார்கள். 2017-இல் அதே செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் மறுபடி குலுங்கியது. அப்போது உலகமே பார்த்தது அந்த உயர்த்திய முட்டியை. இடிபாட்டின் மேல் நிற்பவர் கையை மடக்கி உயர்த்துவார். அடுத்த நொடி ஜெனரேட்டர் நிற்கும், லாரி நிற்கும், நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சடக்கி நிற்பார்கள். கீழேயிருந்து ஒரு தட்டும் சத்தமோ முனகலோ கேட்கிறதா என்று பார்ப்பதற்கான அமைதி அது. தன்னார்வலருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் சைகை எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இடிபாட்டு மீட்பு புதியவர்களுக்கான வேலை இல்லை. தூண் சரிந்து காலின்மேல் மணிக்கணக்காகக் கிடக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார். தூணை நெம்பித் தூக்கினால் பிழைத்துவிடுவார் என்றுதான் யாருக்கும் தோன்றும். நசுங்கிய தசையில் சேர்ந்திருக்கும் பொட்டாசியமும் பிற கழிவுகளும், அழுத்தம் விலகியதும் ஒரேயடியாக ரத்தத்தில் கலக்கும். இதயம் நின்றுபோகலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் குண்டு விழுந்த காலத்தில், 1941-இல், எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் இதை விரிவாகப் பதிவு செய்தார். இதனால்தான் பயிற்சி பெற்ற குழுக்கள் முடிந்தவரை தூணைத் தூக்கும் முன்பே ரத்தநாளத்தில் திரவம் ஏற்றத் தொடங்குகின்றன. நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாத இடங்கள் பேரிடரில் நிறைய உண்டு. இது அவற்றில் ஒன்று.

நாடு விட்டு நாடு போகும் மீட்புக் குழுக்களுக்கென்று ஐ.நா.வின் ஆதரவில் 1991-இல் இன்சராக் என்ற அமைப்பு உருவானது. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்குப் பல நாட்டுக் குழுக்கள் ஓடிவந்தும் ஒருவரோடொருவர் ஒத்திசையாமல் திண்டாடிய அனுபவம் அதற்குப் பின்னணியாக இருந்தது. இடிந்த கட்டடத்தின் முகப்பில் வண்ணத்தில் ஒரு கட்டம் வரையப்பட்டு, உள்ளும் பக்கத்திலும் எழுத்தும் எண்ணும் இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எந்தக் குழு தேடியது, என்றைக்குத் தேடியது, என்ன ஆபத்து இருக்கிறது, எத்தனை பேரை எடுத்தது என்ற விவரம் அது. மொழி தெரியாத அடுத்த குழுவும் அதைப் பார்த்தே புரிந்துகொள்ளும்.

யார் யார் போகிறார்கள்

பழையதும் பெரியதும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கம். 1859 ஜூன் 24 அன்று இத்தாலியின் சொல்ஃபெரினோ போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்த ஆயிரக்கணக்கானவர்களை அருகிலிருந்த காஸ்டிலியோனே ஊர்ப் பெண்கள் எந்தப் பக்கத்து வீரர் என்று பார்க்காமல் கவனித்தார்கள். வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்திருந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆன்றி துய்னான் அதைக் கண்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1863-இல் ஜெனீவாவில் அமைப்பு பிறந்தது. இன்று 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்குச் சங்கங்கள் உண்டு. தன்னார்வலர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். அவர்களில் மிகப்பெரும்பாலோர் சொந்த ஊரிலேயே வேலை செய்பவர்கள்.

இதைத் தவிரப் பல வகை உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் தாய்லாந்தில் கூடிய தன்னார்வலர்களிடமிருந்து வளர்ந்து, 2017-இல் இன்னோர் அமைப்போடு இணைந்து ‘ஆல் ஹேண்ட்ஸ் அண்ட் ஹார்ட்ஸ்’ என்ற பெயர் பெற்ற குழு, வருபவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துச் சேறு அள்ளவும் பள்ளிக்கூடம் கட்டவும் வைக்கிறது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் தொடங்கியது ‘டீம் ரூபிகான்’. சாய்ந்த மரத்தைச் செயின்சாவால் அறுத்து வழி திறப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். அதே 2010-இல் சமையல் கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸ் தொடங்கிய ‘வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன்’, 2017-இல் மரியா சூறாவளி தாக்கிய புவேர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கும் அதிகமான சாப்பாடு கொடுத்தது. அங்கிருந்த சமையல்காரர்களையும் சமையல் கூடங்களையும் வைத்தே அதைச் செய்தார்கள். 1999-இல் தொடங்கிய ‘கால்சா எய்ட்’ சீக்கிய மரபின் பொதுச்சமையலைப் பேரிடர் நடந்த இடங்களுக்குக் கொண்டுபோனது. தைவானில் 1966-இல் பௌத்தத் துறவி செங் யென் தொடங்கிய ‘ட்ஸு சி’ அமைப்பின் நீலச் சட்டைக்காரர்கள், பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து நெய்த போர்வைகளோடு பல நாடுகளுக்குப் போயிருக்கிறார்கள்.

எந்த அமைப்பிலும் சேராமல் மண்வெட்டியோடு கிளம்பிவிடுபவர்களும் உண்டு. 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு ஃபிளாரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது பல நாட்டு இளைஞர்கள் வந்து, தேசிய நூலகத்தின் அடித்தளத்திலிருந்து சேற்றில் ஊறிய பழம்புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று இத்தாலியர்கள் இன்னும் அவர்களை அன்போடு சொல்கிறார்கள். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் வெள்ளம் 220-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அடுத்த சில நாள்களில் நகரத்து மக்கள் துடைப்பமும் வாளியும் மண்வாரியுமாக நடைபாலத்தைக் கடந்து சேறு மூடிய ஊர்களுக்குச் சாரிசாரியாக நடந்தே போனார்கள். மனதை நெகிழ வைக்கும் காட்சி. அதேநேரம் சாலைகள் அடைத்துக்கொள்ளும் நிலையும் வந்தது; அதிகாரிகள் வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தி, தன்னார்வலர்களைப் பேருந்துகளில் கொண்டுபோய் இறக்க முயன்றார்கள். பேரிடர் நடந்த இடத்தில் ஆட்களும் பொருள்களும் ஒரேயடியாகக் குவிவதை ஆய்வாளர்கள் 1950-களிலேயே தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஜப்பான் இந்தக் குவியலுக்கு ஒரு நல்ல வழி கண்டது. கோபேக்கு ஓராண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்தார்கள். யாரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் தடுமாறிய நாள்கள் பல. அதிலிருந்து பாடம் படித்து, இப்போது ஒவ்வொரு பேரிடரின்போதும் உள்ளூர்ச் சமூகநல மன்றங்கள் தன்னார்வலர் மையம் திறக்கின்றன. வீட்டுக்காரர் தன் தேவையை அங்கே சொல்வார். வந்தவர் பெயர் பதிந்து காப்பீடு எடுத்துக்கொள்வார். ஒரு வீட்டுக்கு இத்தனை பேர், இன்ன கருவி என்று சீட்டு எழுதி அனுப்புவார்கள். மாலையில் திரும்பி வந்து, முடிந்தது என்ன, மீதி என்ன என்று சொல்ல வேண்டும். தண்ணீர், உணவு, படுக்கை எல்லாம் வருபவரே கொண்டுவர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஜனவரி 17-ஐப் பேரிடர்த் தடுப்பு, தன்னார்வலர் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான சட்டமும் 1998-இல் வந்தது.

அளவு தெரிந்து செய்வது

முகாமில் தண்ணீர் கொடுக்கிறோம் என்றால் எவ்வளவு கொடுப்பது? இதற்கு நிவாரண அமைப்புகள் கூடி 1997-இல் தொடங்கிய முயற்சிதான் ஸ்ஃபியர் அளவுகோல். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது. வசிப்பிடத்திலிருந்து தண்ணீர் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கூரையின் கீழ் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று.

கழிப்பறையைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்கிறேன். பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்துவிட்டால் கழிப்பறை தயார் என்று புதிய தன்னார்வலர்கள் நினைப்பார்கள். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? இரவில் அங்கே போகும் வழியில் விளக்கு இருக்கிறதா? மாதவிலக்குத் துணியை எங்கே போடுவது? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். கட்டுவதற்கு முன் அங்கிருக்கும் பெண்களைக் கூப்பிட்டு எங்கே வைக்கலாம் என்று கேட்டாலே இதில் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே தள்ளிவிடலாம். பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்று பயந்து, அடையாளம்கூடப் பார்க்காமல் மொத்தமாகப் புதைப்பது பல பேரிடர்களில் நடந்திருக்கிறது. நிலநடுக்கத்திலோ வெள்ளத்திலோ இறந்தவர்களின் உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோயைக் கொண்டுவருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. நோய் வருவது கெட்ட தண்ணீராலும் நெரிசலாலும். படம் எடுத்து, எண் கொடுத்து, தனித்தனியாகப் புதைத்தால் பல மாதம் கழித்தாவது ஒரு தாய்க்குத் தன் மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியும்.

கை வேலையும் காது வேலையும்

கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானில் தொடங்கிய ஒரு சின்ன வழக்கம் என்னை மிகவும் தொட்டது. முகாமில் ஒரு தொட்டியில் இதமான வெந்நீர் ஊற்றி, வயதானவர் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் பாதங்களை அதில் வைக்கச் சொல்வார்கள். எதிரே தன்னார்வலர் தரையில் மண்டியிட்டு, அவர் கைகளை மெதுவாகப் பிடித்துவிடுவார். கேள்வி எதுவும் கேட்க மாட்டார். கால் சூடாகி, தோள் தளர்ந்து, பத்து நிமிடத்தில் அந்த முதியவர் தானாகப் பேசத் தொடங்குவார். முழங்கால் வலி, மருந்து தீர்ந்துபோனது, முகாமில் இரவில் தூங்க முடியாதது, பேரன் நினைவு. தன்னார்வலர் பின்னர் அதைக் குறித்துக்கொள்வார். படிவம் கொடுத்து ‘உங்கள் தேவை என்ன’ என்று கேட்டிருந்தால் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருக்கக்கூடியவர், வெந்நீரில் கால் வைத்ததும் சொல்லிவிடுகிறார்.

2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பிறகு அதே நாட்டில் இன்னொரு வேலை நடந்தது. சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைப் பொறுக்கி, நீரில் மெல்ல அலசி, மென்தூரிகையால் மண்ணை ஒற்றி எடுத்து, கயிற்றில் கிளிப் போட்டு உலர்த்தினார்கள். லட்சக்கணக்கான படங்கள் அப்படிச் சுத்தமாகி, சொந்தக்காரர்கள் வந்து தேட வசதியாக வைக்கப்பட்டன. மண்வெட்டி தூக்க முடியாதவர்களும் இந்த வேலையைச் செய்தார்கள்.

இப்படிப் பேசக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2011-இல் எளிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. உளவியல் முதலுதவி என்பார்கள். பார், கேள், இணை என்ற மூன்றே படிகள்: யார் தனியாக, கலங்கி நிற்கிறார்கள் என்று பார்ப்பது; அவர் சொல்வதைக் கேட்பது; அவருக்கு வேண்டிய உதவி இருக்கும் இடத்தோடு இணைத்துவிடுவது. ‘என்ன நடந்தது, முழுதாகச் சொல்லுங்கள்’ என்று யாரையும் வற்புறுத்தக்கூடாது. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கும் கொடுக்கக்கூடாது.

வீட்டை விட்டு நகராமலும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் தரைமட்டமானபோது, அந்த நகரத்துக்கு விவரமான தெரு வரைபடம் இல்லை. பல நாடுகளில் இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் செயற்கைக்கோள் படங்களைத் திரையில் வைத்து, யாரும் சேர்ந்து வரையக்கூடிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற இணைய வரைபடத்தில் தெருத்தெருவாக, கட்டடம் கட்டடமாக வரைந்தார்கள். சில நாள்களுக்குள் களத்தில் இருந்த மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைத் தங்கள் வழிகாட்டிக் கருவிகளில் ஏற்றிக்கொண்டன. இன்றும் எங்காவது பேரிடர் வந்தால் அதே சமூகம் வேலையைச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்துப் பொதுவில் வைக்கிறது. ஒருமணி நேரம் பழகினால் யாரும் சேரலாம்.

புயலுக்கு முந்திய நாள்

பேரிடர்த் தன்னார்வலர்களில் உலகத்துக்கே எடுத்துக்காட்டாக நான் நினைப்பது வங்கதேசத்தை. 1970 நவம்பர் 12 இரவு வந்த போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன்பிறகு 1972-இல் புயல் தயார்நிலைத் திட்டம் தொடங்கியது. இன்று கடலோரக் கிராமங்களில் 76,000 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் அந்தந்த ஊர் ஆட்கள். எச்சரிக்கை வந்ததும் கம்பத்தில் கொடி ஏறும். ஆபத்து கூடக்கூட ஒன்று, இரண்டு, மூன்று. ஒலிபெருக்கியோடும் கையால் சுழற்றும் சங்கோடும் தெருத்தெருவாகப் போய், நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு புயல் காப்பகங்களுக்குக் கொண்டுபோகிறார்கள்.

1991 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் மிக அதிகம். வீட்டு ஆண்களின் சொல் இல்லாமல் கிளம்பத் தயங்கியது, காப்பகத்தில் அந்நிய ஆண்களோடு நெருங்கி இருக்க வேண்டுமே என்ற கூச்சம், இரண்டும் காரணங்களில் சேர்ந்தவை. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்குள் வந்து பெண்களிடம் நேரில் பேசத் தொடங்கியபோது நிலைமை மாறியது. இப்போது அந்த 76,000 பேரில் பாதிப் பேர் பெண்கள். 2020 மே மாதம் ஆம்பன் புயல் நெருங்கியபோது வங்கதேசத்தில் 24 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். அந்நாட்டில் இறப்பு சில பத்துகளோடு நின்றது. பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் இதுதான்.

உதவி செய்யப் போய் உபத்திரவமாவது

1993 ஜூலையில் ஜப்பானின் ஒக்குஷிரி தீவை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. நாடெங்கும் இருந்து சுமார் 5,000 டன் நிவாரணப் பொருள்கள் அந்தச் சிறிய தீவுக்கு வந்து குவிந்தன. பழைய துணிகள் மலையாகச் சேர்ந்தன. வைக்க இடமில்லாமல் கிடங்கு கட்ட வேண்டிவந்தது. கடைசியில் ஆயிரம் டன்னுக்கு மேல் அழிக்கவும் நேர்ந்தது. கேட்காமல் அனுப்பும் பொருளை ‘இரண்டாவது பேரிடர்’ என்று நிவாரணக்காரர்கள் சொல்வது இதனால்தான். துணி மூட்டையைப் பிரிக்கும் பத்துப் பேர் அந்த நேரத்தில் சேறு அள்ளியிருக்கலாம். பெரும்பாலான நேரங்களில் பணம்தான் உதவி. உள்ளூர்ச் சந்தையில் வாங்கினால் அங்கிருக்கும் கடைக்காரரும் எழுந்து நிற்பார்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 33 குழந்தைகளை அநாதைகள் என்று சொல்லி எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்ற வெளிநாட்டுக் குழு ஒன்று பிடிபட்டது. பிறகு பார்த்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். பேரிடர் நடந்த இடத்தில் தனியாக நிற்கும் குழந்தையைப் பெரும்பாலும் யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் குழந்தையை அந்த இடத்துக்கு அருகிலேயே, பொறுப்பான அமைப்பின் கையில் ஒப்படைப்பதுதான் சரி. படம் எடுத்து வெளியிடுவது அறவே கூடாது.

அதே ஆண்டு அக்டோபரில் ஹெய்ட்டியில் காலரா பரவி, பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததிலிருந்து அது தொடங்கியதாக ஆய்வுகள் காட்டின. தன் பங்கை ஐ.நா. 2016-இல்தான் ஒப்புக்கொண்டது. அமைதிப்படை தன்னார்வலர்களால் ஆனதில்லை. ஆனாலும் வெளியிலிருந்து போகும் யாரும் தன்னோடு நோயைக் கொண்டுபோகக்கூடும், தன் கழிவுக்குத் தானே பொறுப்பு என்பதை இதைவிடக் கடுமையாக எதுவும் சொல்லிவிடாது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள்.

போக நினைத்தால்

தனியாகக் கிளம்பாதீர்கள், ஓர் அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கட்டும். அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயங்களை. அந்த ஊர் ஆட்கள் அதில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா? உங்கள் பின்னணியை விசாரிக்கிறார்களா? எந்தக் கேள்வியும் கேட்காமல் யாரையும் குழந்தைகள் முகாமுக்குள் விடும் அமைப்பிடமிருந்து விலகி நில்லுங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வது கட்டாயம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு டெட்டனஸ் வந்தது. சேற்றுக்குள் ஆணி எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆணி ஏறாத அடிப்பாகம் கொண்ட பூட்ஸ் வேண்டும். தடித்த கையுறை, கண்ணாடி, என்-95 முகக்கவசமும் வேண்டும். வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குச் சேற்றில் இறங்காதீர்கள். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் உடைக்கக்கூடாது, அதற்கென்று பயின்றவர்களைக் கூப்பிட வேண்டும். பிளீச்சிங் திரவத்தையும் அமோனியா கலந்த சுத்திகரிப்பானையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வாசலிலோ ஓட விடாதீர்கள். குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். அதன் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புயலில் தப்பியவர்கள் மறுநாள் ஜெனரேட்டரால் இறந்த சோகங்கள் உண்டு.

எப்போது போவது என்பதையும் யோசியுங்கள். முதல் வாரத்தில் எல்லாரும் வருவார்கள். கேமராக்கள் போனபின், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் ஆள் குறைந்துவிடும்; சேறு எடுத்த வீட்டுக்குச் சுவர் வைக்க, கூரை போட அப்போதுதான் கைகள் வேண்டும். விடுமுறையைச் சேர்த்து வைத்து அந்த நேரத்தில் போகிறவரை எந்த அமைப்பும் இரு கை நீட்டி வரவேற்கும். இடைப்பட்ட நாள்களில் முதலுதவி வகுப்பு முடித்து, ஒரு கைத்தொழிலும் பழகிவிடலாம். மின்சார வேலை, தச்சு வேலை, குழாய் வேலை தெரிந்த ஒருவர் வெறும் கையோடு வரும் பலருக்குச் சமம்.

திரும்பி வந்தபின் சில நாள் தூக்கம் கலையலாம், அந்த நாற்றம் திடீரென்று மூக்கில் வரலாம், வீட்டில் எல்லாரும் சாதாரணமாகச் சிரித்துப் பேசுவது எரிச்சலூட்டலாம். பலருக்கும் இப்படி ஆவதுண்டு. உங்களோடு அங்கே வேலை செய்தவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். பூட்ஸை மட்டும் வீட்டுக்கு வெளியிலேயே நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்த பிறகு உள்ளே கொண்டுபோங்கள்.